துளி நீருக்கும் காவல் வேண்டும்

(தோட்டப் பொது மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சுகாதார உரையின் எழுத்து வடிவம்)





விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, தலைவிளக்கின் வெளிச்சத்தில் மரம் வெட்டி, பால் சேகரித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, உடல் அலுப்பையும் பாராமல் இம்மண்டபத்திற்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் ஓய்வு நேரத்தின் அருமையை மருத்துவமனைப் பணியில் உள்ள நாங்கள் நன்கு அறிவோம். ஆகவே, சுற்றி வளைக்காமல் நேராகப் பொருளுக்கு வருகிறோம்.

மருத்துவமனைக்குச் சென்றவர் எவரும் கண்டிருக்கக்கூடிய காட்சி இது. கட்டிலுக்கு அருகில் ஒரு கம்பம். கம்பத்தில் தொங்கும் ஒரு பை. பையிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய். அக்குழாயின் முடிவில் நோயாளியின் கை. ‘தண்ணீர் ஏற்றுகிறார்கள்’ என்றோ ‘டிரிப் போட்டிருக்கிறார்கள்’ என்றோ நாம் சொல்கிறோம். அதைக் கண்டவுடன் சிலருக்கு அச்சம் உண்டாகிறது. ‘இனிப் பிழைக்க மாட்டார் போலும்’ என்று கலங்குகிறார்கள். வேறு சிலருக்கோ அளவு கடந்த நம்பிக்கை. ‘டிரிப் ஏறிவிட்டது, இனிக் கவலையில்லை’ என்று நிம்மதியாக வீடு திரும்பிவிடுகிறார்கள். இவ்விரண்டும் சரியல்ல. டிரிப் உயிர் காக்கும் மருந்து. ஆனால், அருகிலிருந்து கவனிக்கப்பட வேண்டிய மருந்து. அதைக் கவனிப்பதில் எங்கள் கடமை என்ன, உங்கள் பங்கு என்ன என்பதைப் பற்றியே இன்று பேசவிருக்கிறோம்.

வாயிலில் காவல் இல்லாத வழி

நாம் உண்ணும் உணவும் குடிக்கும் மருந்தும் பல காவல்களைக் கடந்தே உடலுக்குள் செல்கின்றன. கெட்டுப்போன உணவை நாக்கு அறிந்து துப்பிவிடும். தப்பிச் சென்ற கிருமிகளில் பெரும்பாலானவற்றை இரைப்பையின் அமிலம் கொன்றுவிடும். அதையும் மீறினால் வாந்தி வெளியே தள்ளிவிடும். குடலும் கல்லீரலும் அதற்கடுத்த காவலர்கள்.

இரத்த நாளத்தின் வழியாகச் செல்லும் மருந்துக்கு இக்காவல்களில் ஒன்றுமே இல்லை. மருந்து நேராக இரத்தத்தில் கலந்து, ஒரு நிமிடத்திற்குள் இதயத்தை அடைந்துவிடுகிறது. உயிருக்குப் போராடும் நோயாளியைக் காப்பதற்கு இவ்வேகமே துணை செய்கிறது. ஆனால், தவறான மருந்து சென்றாலும், அளவு மிகுந்தாலும், கிருமி கலந்திருந்தாலும் அதே வேகத்தில் தீமையும் விளைந்துவிடும். தொட்டியில் உள்ள பாலில் அமிலத்தை ஊற்றிய பிறகு அதைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியுமா? முடியாது, பால் உறைந்தே தீரும். அதுபோலவே, நாளத்தில் சென்ற மருந்தையும் திரும்ப எடுக்க இயலாது. ஆகவே, உடல் வைத்திருக்கும் காவலுக்கு ஈடாக மனிதரே அங்குக் காவலராக நிற்க வேண்டியிருக்கிறது.

டிரிப் ஏற்றினால் தெம்பு வருமா?

‘உடம்பு அசதியாக இருக்கிறது, ஒரு போத்தல் தண்ணீர் ஏற்றிவிடுங்கள்’ என்று கேட்டு வருவோர் நம்மிடையே உள்ளனர். டிரிப் போடாத மருத்துவரைச் சரியான மருத்துவர் அல்லர் என்று எண்ணுவோரும் உண்டு. எனவே, அப்பையில் இருப்பது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

சாதாரணமாக ஏற்றப்படும் உப்பு நீரில் 1 லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. 500 மில்லி லிட்டர் பையில் உள்ள உப்பு நான்கரைக் கிராம் மட்டுமே. 5 விழுக்காடு சர்க்கரை நீர்ப் பையில் 500 மில்லி லிட்டருக்கு 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதாவது ஐந்தாறு தேக்கரண்டி அளவு. அதனால் கிடைக்கும் சக்தி ஏறத்தாழ 100 கலோரி. ஒரு தட்டுச் சோற்றிலிருந்து கிடைக்கும் சக்தி இதைவிட அதிகம். ஆகவே, வாயால் உண்ணவும் பருகவும் முடிந்தவருக்கு டிரிப்பினால் தனித் தெம்பு எதுவும் வந்துவிடுவதில்லை. அவருக்குக் கிடைப்பது ஊசியின் நோவும் அதனுடன் வரக்கூடிய ஆபத்தும்தாம்.

வயிற்றுப்போக்கிலும் இதுவே உண்மை. 1971-ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது மேற்கு வங்காள எல்லையில் இருந்த அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கான நீர்ப் பொருள்கள் தீர்ந்துபோயின. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகலநாபிஸ், உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரை வாய்வழியாகவே நோயாளிகளுக்கு ஊட்டச் செய்தார். தாய்மார்களும் உறவினர்களுமே கோப்பையில் எடுத்து ஊட்டினார்கள். 100-க்கு 30 பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில், அந்நீர் பெற்றவர்களிடையே சாவு 100-க்கு 4 பேருக்கும் குறைவாகத் தணிந்தது. இன்று சுகாதார நிலையங்களிலும் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் அவ்வழியில் வந்ததே. மயக்கமுற்றவருக்கும், ஓயாமல் வாந்தி எடுப்பவருக்கும், உடல்நீர் மிகவும் வற்றிப்போனவருக்கும் டிரிப் கட்டாயம் தேவை. மற்றவர்களுக்குக் கோப்பையே போதும். தேவையில்லாத டிரிப்பைத் தவிர்ப்பதுதான் முதற் பாதுகாப்பு.

190 ஆண்டுகளுக்கு முன் நடந்தது

டிரிப் எவ்வாறு தோன்றியது என்பதையும் சொல்ல வேண்டும். 1832-ஆம் ஆண்டு. பிரிட்டனில் காலரா நோய் மக்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்தின் லீத் நகரைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் லாட்டா, நோயாளி இழந்துவிட்ட உப்பையும் நீரையும் இரத்த நாளத்தின் வழியாகவே திருப்பிக் கொடுத்துப் பார்ப்பது என்று துணிந்தார்.

அவர் தேர்ந்தெடுத்த முதல் நோயாளி ஒரு மூதாட்டி. வேறு சிகிச்சைகள் யாவும் பலனற்றுப் போய், இறுதி மூச்சு எந்நேரமும் பிரியலாம் என்ற நிலையில் அவர் கிடந்தார். லாட்டா உப்பு நீரை மெல்ல மெல்லச் செலுத்தினார். சிறிது நேரத்தில் குழிந்த கண்கள் ஒளி பெற்றன. குளிர்ந்த உடலில் வெப்பம் பரவியது. மறைந்த நாடித்துடிப்பு திரும்பியது. அரைமணி நேரத்தில் 6 பைண்டு நீர் சென்றிருந்தது. மூதாட்டி தமக்கு நலமாயிருப்பதாகத் தம் வாயாலேயே சொன்னார்.

களைத்துப்போன லாட்டா, அவரை மருத்துவமனை மருத்துவரின் பொறுப்பில் விட்டுச் சென்றார். அவர் சென்ற சிறிது நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் மீண்டும் தொடங்கின. ஆனால், அச்செய்தியை லாட்டாவுக்கு யாரும் தெரிவிக்கவில்லை. அவர் சென்ற ஐந்தரை மணி நேரத்தில் அம்மூதாட்டி இறந்துபோனார்.

இவ்விவரங்களை லாட்டா மறைக்கவில்லை; தாமே எழுதி வெளியிட்டார். நண்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். மருந்து வேலை செய்தது, மருத்துவர் திறமையாளர், நோயாளியும் மீண்டார். குறைந்தது ஒன்றே ஒன்று. நோயாளியின் நிலை மாறியபோது, ‘மாறிவிட்டது’ என்று உரியவரிடம் சொல்ல ஆள் இல்லை.

கருவி சொன்னது, மனிதர் கேட்கவில்லை

அடுத்து 1972-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த துயரத்தைக் கேளுங்கள். அங்குள்ள டெவன்போர்ட் மருத்துவமனைப் பிரிவில் சர்க்கரை நீர் ஏற்றப்பட்ட நோயாளிகள் திடீரென்று மோசமான நிலையை அடைந்தார்கள். நோயாளிகள் ஐவர் உயிரிழந்தனர். அந்நீரைச் சோதித்தபோது அதில் கிருமிகள் பெருகியிருந்தன.

அரசாங்கம் விசாரணைக் குழுவை அமைத்தது. அப்போது வெளிவந்த உண்மை இது: போத்தல்களைக் கிருமி நீக்கம் செய்வதற்கு நீராவிக் கொதிகலத்தில் அடுக்கி வைப்பார்கள். அன்று கலத்தின் அடிப்பகுதியில் காற்று அடைபட்டுக்கொண்டதால், கீழ் வரிசைப் போத்தல்கள் போதிய சூடேறவில்லை. வெப்பத்தைக் குறிக்கும் கருவி இதைச் சரியாகவே காட்டியது. சூடு ஏறவில்லை என்று அது பதிவு செய்தது. ஆனால், பணியிலிருந்தோர், ‘கருவிதான் பழுதாகியிருக்க வேண்டும்’ என்று எண்ணி, போத்தல்களை வெளியே அனுப்பிவிட்டனர்.

கருவி சொன்னதை மனிதர் கேட்கவில்லை. இதை நாங்கள் இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. மருத்துவமனையில் இன்னொரு கருவியும் இருக்கிறது. அது எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டதன்று. அது நோயாளியின் வாய். ‘வலிக்கிறது’, ‘எரிகிறது’, ‘மூச்சு முட்டுகிறது’ என்று நோயாளி சொல்வது மிகச் சிறந்த எச்சரிக்கை. அதை அலட்சியப்படுத்தும் மருத்துவமனை, வெப்பமானியை அலட்சியப்படுத்தியவர்கள் செய்த அதே பிழையைச் செய்கிறது.

ஓர் அம்மையாரின் கை

எங்கள் பணிக்காலத்தில் நாங்கள் நேரில் கண்ட ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பால்வெட்டுத் தொழிலாளியான ஓர் அம்மையார் காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருடைய வலக்கை மணிக்கட்டுக்கு அருகில் குழல் செருகப்பட்டு, மருந்து கலந்த நீர் ஏற்றப்பட்டது. நள்ளிரவில் அவ்விடம் எரியத் தொடங்கியது. பிறகு வீங்கியது. குழல் நாளத்தை விட்டு விலகியிருந்ததால், மருந்து தசைக்குள் ஊறிக்கொண்டிருந்தது.

அம்மையார் யாரையும் அழைக்கவில்லை. ‘மிஸ்ஸி ஏசுவார்’ என்ற அச்சம் ஒரு காரணம். ‘மருந்து என்றால் எரியத்தானே செய்யும்’ என்ற எண்ணம் மற்றொரு காரணம். மலாய் மொழியில் எப்படிச் சொல்வது என்ற தயக்கமும் இருந்தது. விடிந்த பிறகு கட்டைப் பிரித்துப் பார்த்தபோது தோல் கறுத்துப் புண்ணாகியிருந்தது. இரண்டு மாதங்களுக்கு அவரால் வெட்டுக் கத்தியைப் பிடிக்க இயலவில்லை. கை ஓய்ந்தால் கூலி ஏது?

அவர் பேசாமல் இருந்தது அவர் குற்றமா? அன்று; குற்றம் எங்களுடையதே. இரவில் ஒருமுறையேனும் கட்டை நோக்கி, ‘வலிக்கிறதா அம்மா?’ என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். வலித்தால் அழைக்கலாம் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எந்தக் கையால் மரம் வெட்டுகிறீர்கள் என்று கேட்டு, கூடுமானால் மற்றொரு கையில் குழலைப் போட்டிருக்க வேண்டும். அவ்வம்மையார் அன்று வாய் திறவாததற்கு நாங்களும் காரணம் என்பதாலேயே, இன்று உங்கள்முன் வாய் திறந்து பேசுகிறோம்.

சிறு சக்கரத்தைத் தொடாதீர்கள்

டிரிப்பு குழாயில் ஒரு சிறு சக்கரம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை உருட்டினால் சொட்டின் வேகம் கூடும் அல்லது குறையும். நோயாளியைப் பார்க்க வருவோரில் சிலர், ‘சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்’ என்று அச்சக்கரத்தை உருட்டிவிடுகிறார்கள். இது அன்பினால் செய்யப்படும் ஆபத்து.

அவ்வேகம் கணக்கிட்டு வைக்கப்படுவது. பெரியவர்களுக்கான சாதாரணக் குழாயில் 20 சொட்டுகள் சேர்ந்தால் 1 மில்லி லிட்டர். 500 மில்லி லிட்டரை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 42 சொட்டுகள் விழ வேண்டும். சிறு குழந்தைகளுக்கான நுண்சொட்டுக் குழாயிலோ 60 சொட்டுகள் சேர்ந்தால்தான் 1 மில்லி லிட்டர். முதியவருக்கும், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவருக்கும், குழந்தைகளுக்கும் நீர் விரைந்து ஏறினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும்.

மரம் வெட்டும் உங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பட்டையை ஆழம் குறைத்து வெட்டினால் பால் வராது. ஆழம் கூட்டி வெட்டினால் மரத்தில் காயம் பட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவை உங்கள் கை அறியும். டிரிப்பிலும் அப்படி ஓர் அளவு உண்டு. டெங்கிக் காய்ச்சலில் அது மிகவும் நுண்மையானது. காய்ச்சல் தணியும் நாளை ஒட்டி, ஓரிரு நாட்களுக்கு இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியக்கூடும். அப்போது நீர் போதாவிட்டால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போய்விடுவார். கசிவு நின்றபின் வெளியேறிய நீர் நாளங்களுக்குத் திரும்பும். அப்போதும் அதே வேகத்தில் ஏற்றினால் நுரையீரல் பாதிக்கப்படும். அதனாலேயே டெங்கி நோயாளியின் இரத்தத்தை அடிக்கடி சோதித்து வேகத்தை மாற்றுகிறார்கள். ‘இத்தனை முறை ஊசி குத்துகிறார்களே’ என்று வருந்தவேண்டாம். ‘காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்கு அழைத்துப் போகிறோம்’ என்று அவசரப்படவும் வேண்டாம்.

தூய கை

ஒரு வாளியில் இருந்த அழுக்கு ஒரு தொட்டிப் பாலையே கெடுத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். கழுவாத மங்கில் விழுந்த பால் ஸ்டோருக்கு வருமுன் திரைந்துவிடும். அங்கே வேலை செய்வதும் கிருமியே. கழுவாத கை குழாயின் முனையைத் தொட்டால், அதே போன்ற கிருமிகள் மனித இரத்தத்தில் புகுந்து பெருகும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு முயற்சி தொடங்கப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து டாக்டர் பீட்டர் பிரோனோவோஸ்ட் என்பவரும் அவர் குழுவினரும், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெரிய நாளங்களில் குழல் செருகுவதற்கு ஐந்து விதிகளை வகுத்தனர். கையைக் கழுவுதல், குளோர்எக்சிடின் மருந்தினால் தோலைத் துடைத்தல், முகமூடி, அங்கி, கையுறை, தூய போர்வை அனைத்தையும் பயன்படுத்துதல், கூடுமானவரை தொடைப் பகுதியைத் தவிர்த்தல், தேவை முடிந்தவுடன் குழலை எடுத்துவிடுதல். இவற்றில் எதுவும் புதிதன்று. அதிகச் செலவு பிடிப்பதுமன்று. ஆனால், ஒன்று புதிது. மருத்துவர் ஒரு விதியைத் தவறவிட்டால், அவரைத் தடுத்து நிறுத்தும் உரிமை தாதியருக்கு வழங்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பிரிவுகளில் ஒன்றரை ஆண்டுக் காலத்தில் இரத்தக் கிருமித் தொற்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது என்று 2006-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

பார்த்தீர்களா? இங்கேயும் உயிர் காத்தது, கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் ‘நில்லுங்கள்’ என்று சொல்லக் கிடைத்த உரிமையே.

கையுறையைப் பற்றி ஒரு சொல். உலகெங்கும் மருத்துவர்கள் அணியும் கையுறைகளில் ஒரு பகுதி, உங்களைப் போன்றோர் வெட்டிய பாலிலிருந்து உருவானது. அது உங்களுக்குப் பெருமை. ஆனால், கையுறை கை கழுவுவதற்கு மாற்று ஆகாது. ஒரு நோயாளியைத் தொட்ட கையுறையோடு அடுத்த நோயாளியைத் தொட்டால் கிருமியும் உடன் செல்லும்.

இரண்டு முனியாண்டிகள்

நம் மக்களிடையே ஒரே பெயர் பலருக்கு அமைவது இயல்பு. ஒரே வார்டில் இரண்டு முனியாண்டிகளும் மூன்று இலெட்சுமிகளும் இருக்கக்கூடும். தாதி வந்து ‘முனியாண்டியா?’ என்று கேட்டால், அரைத் தூக்கத்தில் இருப்பவர் மரியாதைக்காகத் தலையசைத்துவிடுவார். மற்றொருவருக்குரிய மருந்து இவருக்கு ஏறிவிடும்.

இதைத் தவிர்க்கவே, ‘உங்கள் பெயர் என்ன?’ என்று நாங்கள் கேட்கவேண்டும். நீங்கள் தந்தை பெயரோடு முழுப் பெயரையும் சொல்லவேண்டும். அடையாள அட்டையின் 12 எண்களையும் கைப்பட்டையில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். ஒரே நாளில் பத்து முறை பெயர் கேட்டாலும் சலித்துக்கொள்ளாதீர்கள். கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

ஒன்றுபோல் தோன்றும் குப்பிகள்

மனிதரைப் போலவே மருந்துகளுக்கும் இக்குழப்பம் உண்டு. பொட்டாசியம் குளோரைடு என்னும் மருந்தைக் குறிப்பிடலாம். உடலுக்குத் தேவையான உப்புதான் அது. ஆயினும், நீர் கலக்காமல் அடர்த்தியாக விரைந்து ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பார்வைக்கோ அது தண்ணீரைப் போலவே தெளிவாக இருக்கும். சாதாரண நீர்க் குப்பி என்று எண்ணி இதை எடுத்ததால் பல நாடுகளில் உயிர்ச்சேதம் நேர்ந்தது.

1998-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் அமைப்பு, இதன் அடர்த்தியான குப்பிகளை வார்டுகளில் வைக்கவேண்டாம் என்று எச்சரித்தது. 2007-ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனமும் இத்தகைய மருந்துகளைத் தனியே பூட்டி வைக்கவும், தெளிவான எச்சரிக்கைச் சீட்டு ஒட்டவும், இருவர் சரிபார்க்கவும் வலியுறுத்தியது. ‘கவனமாக இரு’ என்று ஊழியரிடம் சொல்வது மட்டும் போதாது. இரவுப் பணியில் களைத்த கண், அவசரத்தில் தவறாகவே பார்க்கும். கை தவறினாலும் கேடு விளையாதபடி இடத்தை ஒழுங்குபடுத்துவதே உண்மையான பாதுகாப்பு.

நீங்கள் செய்யக்கூடியவை

நம் நாட்டில் மலேசிய நோயாளர் பாதுகாப்பு மன்றம் 2003-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டு நோயாளர் பாதுகாப்புக்கென 13 இலக்குகள் வகுக்கப்பட்டன. கை தூய்மை, மருந்துப் பாதுகாப்பு, நோயாளியைச் சரியாக அடையாளம் காணுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் செப்டம்பர் 17-ஆம் நாளை நோயாளர் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. 2023-ஆம் ஆண்டு அந்நாளுக்குரிய கருப்பொருள், நோயாளியின் குரலுக்கு இடம் தருவது என்பதே. ஆகவே, நீங்கள் பேசுவது சலுகை அன்று. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

பின்வருவனவற்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்:

1. முன்பு எந்த மருந்தாவது உடலுக்கு ஒவ்வாமல் போயிருந்தால், டிரிப் தொடங்குமுன் சொல்லுங்கள். வீட்டில் உண்ணும் மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் மறைக்காதீர்கள்.

2. இதய நோய், சிறுநீரக நோய், நீரிழிவு, கர்ப்பம் ஆகியவற்றைத் தெரிவியுங்கள். எந்தக் கையால் வேலை செய்கிறீர்கள் என்பதையும் கூறுங்கள்.

3. ‘இது என்ன மருந்து? எதற்காக?’ என்று பணிவோடு கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது.

4. குழல் உள்ள இடத்தில் வலி, எரிச்சல், சிவப்பு, வீக்கம் கண்டாலும், உடலில் அரிப்பு, நடுக்கம், மூச்சுத் திணறல் தோன்றினாலும் உடனே அழையுங்கள். நள்ளிரவானாலும் அழையுங்கள்.

5. சக்கரத்தை உருட்டாதீர்கள், குழாயைக் கழற்றாதீர்கள், மின்கருவி ஒலித்தால் நீங்களே அதை நிறுத்தாதீர்கள். பை தீர்ந்தால் தாதியை அழையுங்கள். குழாயில் தென்படும் மிகச் சிறு காற்றுக் குமிழி பொதுவாகத் தீங்கு செய்யாது. எனினும் கண்டால் சொல்லிவிடுங்கள்.

6. நாள்தோறும், ‘இக்குழல் இன்னும் தேவையா?’ என்று கேளுங்கள். வீடு திரும்பும் நாளில் அது எடுக்கப்பட்டுவிட்டதா என்று பாருங்கள்.

மலாய் மொழி சரளமாக வராத பாட்டிமார்களுக்கு மூன்று சொற்கள் போதும். ‘சாக்கிட்’ என்றால் வலி. ‘பெங்காக்’ என்றால் வீக்கம். ‘காத்தால்’ என்றால் அரிப்பு. இம்மூன்றில் ஒன்றைச் சொல்லிக் கையைக் காட்டினால் எந்தத் தாதிக்கும் புரியும். பேரப்பிள்ளைகள் இச்சொற்களை இன்றிரவே பாட்டிக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

எங்கள் கடமை

உங்களிடம் இவ்வளவு கேட்கும் நாங்கள், எங்கள் பங்கையும் சொல்லியாக வேண்டும். தொடுமுன் கை கழுவுவது எங்கள் கடமை. பெயரைக் கேட்டறிவதும், கட்டைத் திறந்து நோக்குவதும், சொட்டை எண்ணுவதும், பணி மாறும்போது அடுத்தவரிடம் நோயாளியின் நிலையை முழுமையாக ஒப்படைப்பதும் எங்கள் கடமை. தவறு நேர்ந்தால் அதை மூடி மறைக்காமல் எழுதி அறிவிப்பதும் எங்கள் கடமையே. ஒரு வார்டில் நேர்ந்த பிழை அறிவிக்கப்பட்டால், அது மற்றொரு வார்டில் நேராமல் தடுக்கலாம். அறிவித்தவரைத் தண்டிக்கும் இடத்தில் அடுத்த பிழை மறைக்கப்படும். லாட்டா தம் முதல் நோயாளியின் இறப்பை மறைத்திருந்தால், நமக்கு அந்தப் பாடம் கிடைத்திருக்காது.

எங்களில் எவரேனும் உங்கள் கேள்விக்கு முகம் சுளித்தால், வார்டின் தலைமைத் தாதியிடம் சொல்லுங்கள். தோட்டத்து மருத்துவ உதவியாளரிடமும் சொல்லுங்கள். உங்கள் மௌனம் எங்களுக்கு மரியாதை செய்வதாகாது. எங்கள் கண்ணை மறைப்பதாகும்.

பெரியோர்களே, அந்த மூதாட்டி இறந்து 190 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கண்ணாடிப் போத்தல் போய்ப் பிளாஸ்டிக் பை வந்தது. மின்கருவிகளும் வந்துவிட்டன. ஆயினும், அன்று அக்கட்டிலின் அருகில் யார் தேவைப்பட்டாரோ, அவரே இன்றும் தேவைப்படுகிறார். நோயாளியை உற்றுநோக்கி, மாற்றத்தைக் கண்டு, உரியவரிடம் சென்று சொல்லும் ஒருவர். அவர் தாதியாக இருக்கலாம். உடனிருக்கும் மகளாக இருக்கலாம். அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் அண்டை வீட்டாராகவும் இருக்கலாம்.

அடுத்த முறை உங்கள் வீட்டார் ஒருவர் டிரிப்போடு படுத்திருக்கும்போது, அருகில் அமர்ந்து அவர் கையைப் பாருங்கள், ‘வலிக்கிறதா?’ என்று கேளுங்கள். ‘ஆம்’ என்று பதில் வந்தால், எழுந்து சென்று எங்களை அழையுங்கள். நாங்கள் வருவோம்.